கொல்லைச் சுவரில் ஒரு சாக்பீஸ் கோடு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன்.

முந்தின வருஷம் ஆடியில் தொடங்கி மாசி முடிய, கொல்லையில் காய்கறி போடுகிறேன் என்று நான் செலவழித்தது 6,850 ரூபாய். டாடா ஏஸ் வண்டியில் ஒரு நடை செம்மண், ஆறு மூட்டை எரு, கடப்பாரை, மண்வெட்டி, விதைப் பொட்டலங்கள், கைத்தெளிப்பான், ஒரே ஒரு நாள் மாட்டிக்கொண்ட கையுறை, பார்க்க அழகாக இருந்ததால் வாங்கிய பச்சைப் பூவாளி. விளைந்தது: வெண்டைக்காய் ஒன்றரைக் கிலோ, கத்தரிக்காய் முக்கால் கிலோ, மிளகாய் ஒரு கைப்பிடி, கீரை நாலு கட்டு, தக்காளி ஒன்பது. ஒன்பது கிலோ இல்லை, ஒன்பது பழம்.

அண்ணா நகர் உழவர் சந்தையில் இருநூறு ரூபாய்க்கு இத்தனையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்துக்கு டீயும் குடித்துவிட்டு வந்திருக்கலாம். 1999 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்தது அங்கேதான். அந்தப் பலகையில் எழுதிப் போட்ட விலையைப் பார்த்து, "வெண்டைக்காய் இந்த விலையா?" என்று இத்தனை வருஷம் முணுமுணுத்த வாய் எனக்கு. இப்போது முணுமுணுப்பதில்லை. என் வீட்டுக்காரர் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறவர். "உன் தக்காளி ஒண்ணு என்ன அடக்கம்னு போட்டுப் பாத்தியா?" என்று ஒருநாள் கேட்டார். போட்டுப் பார்க்கவில்லை. சில கணக்குகளைப் போடாமல் இருப்பதுதான் குடும்பத்துக்கு நல்லது.

இந்த வருஷக் கணக்கு வேறு மாதிரி. அதனால்தான் எழுதத் துணிவு வந்தது.

எங்கள் வீடு மதுரைக்கு வடக்கே, நத்தம் சாலையில் ஊர் தீர்ந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. தெற்குப் பார்த்த வாசல், ஒரு மாடி. வீட்டுக்குப் பின்னால் வடக்கே கொல்லை. அகலம் 24 அடி, ஆழம் 13 அடி, முடிவில் காம்பவுண்டுச் சுவர். குடிவந்தபோது ஆடி மாதம். காலை ஆறரையிலிருந்து சாயங்காலம் வரை கொல்லை முழுக்க வெயில் கொளுத்தும். துணி அரை மணியில் காய்ந்துவிடும். காய்கறிச் செடிக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும் என்று படித்திருந்தேன். இங்கே பத்து மணி நேரம் அடிக்கிறது. நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை, மண்ணைச் சரிசெய்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். இந்த நினைப்பைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மண் என்று சொன்னது மரியாதைக்கு. வீடு கட்டி முடித்த மிச்சம் மீதி எல்லாம் அங்கேதான் புதைந்திருந்தது. அரைச் செங்கல், இறுகிப்போன சிமெண்ட் கட்டி, கம்பித் துண்டு, ஓட்டை கையுறை, பாக்குப் பொட்டலம். கடப்பாரை போட்டால் நெருப்புப் பொறி பறந்தது. சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும், செடி சத்தை எடுக்கத் திணறும். நாலு ஞாயிற்றுக்கிழமை தோண்டி, ஓரடி ஆழத்துக்கு அந்தக் குப்பையை அள்ளி வெளியே போட்டோம். அந்தக் குழியில் செம்மண்ணை நிரப்பினேன். பார்க்கக் குங்குமம் கொட்டினது போல இருந்தது. நாலு நாள் தண்ணீர் ஊற்றினேன். ஐந்தாம் நாள் காய்ந்து மொசைக் தரை மாதிரி இறுகிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் கீரைக்காரம்மா உள்ளே வந்தார். வாரத்தில் மூன்று நாள், மகன் வண்டியில் முக்கில் இறக்கிவிட்டுப் போவான். அங்கிருந்து கூடையோடு தெருத் தெருவாக நடப்பார். கொல்லைக் கதவு வழியாக எட்டிப் பார்த்தவர், குனிந்து மண்ணைச் சுரண்டினார்.

"என்ன தாயி, வாசலுக்குத் தளம் போட்டிருக்கியா?"

செம்மண்ணில் பாதியளவு மக்கின எருவும், பாதியளவு தென்னை நார்க்கழிவும் கலக்கச் சொன்னார். பதம் பார்க்க அவர் சொன்ன வழி எளிமையானது. ஈர மண்ணைக் கையில் அள்ளி உருண்டை பிடி. பிடிக்க வர வேண்டும், பெருவிரலால் ஒரு தட்டு தட்டினால் உதிர வேண்டும். பிடிக்கவே வராவிட்டால் தண்ணீர் நிற்காது. தட்டியும் உதிராவிட்டால் வேர் மூச்சுவிடாது. இன்றைக்கும் எனக்கு அதுதான் மண் பரிசோதனை.

எருவில் ஏமாந்த கதையும் உண்டு. "நல்லா மக்கினது" என்று சொல்லி விற்ற மூட்டையைப் பிரித்துக் கையை விட்டால் உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. சாணம் மக்கி முடியவில்லை என்று அர்த்தம். அந்தச் சூடு நாற்றின் வேரைக் கருக்கிவிடும். கிளறினால் கட்டைவிரல் தடிமனில், வெள்ளை வெளேரென்று, சுருண்டு கிடந்த புழுக்கள். காண்டாமிருக வண்டின் பிள்ளைகள். தென்னை வைத்திருப்பவர்களுக்கு இவற்றை நன்றாகத் தெரியும். நான் அலறிய அலறலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது. புழுக்களைச் சுவர்மேல் எடுத்து வைத்தோம். பத்து நிமிஷத்தில் மைனாக்கள் தீர்த்துவிட்டன. எருவை இரண்டு மாதம் நிழலில் குவித்து ஈரம் தெளித்து மூடிவைத்த பிறகுதான் பயன்படுத்த முடிந்தது. நல்ல எருவில் சாண வாடை இருக்காது, முதல் மழையில் கிளம்புகிற மண் வாடைதான் இருக்கும். கையில் ஒட்டாது.

இப்படி எல்லாம் கூடிவந்து நான் நாற்று வைத்தது புரட்டாசி நடுவில். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, இரண்டு பாத்திக் கீரை. ஐப்பசியில் பாதிக் கொல்லை ஈரமாகவே கிடந்தது. மழைக்காலம்தானே என்று விட்டுவிட்டேன். கார்த்திகையில் தக்காளிச் செடிகள் ஆளுயரம் வளர்ந்தன, ஆனால் தண்டு நூல் மாதிரி. கத்தரி இலை அகலமாக விரிந்ததே தவிரப் பூவைக் காணோம். சத்துக் குறைவு என்று முடிவுகட்டி மீன் அமினோ கரைசல் தயார் செய்தேன். மீன் கழிவும் நாட்டுச் சர்க்கரையும் சம எடைக்குப் போட்டு மூன்று வாரம் மூடிவைக்க வேண்டும். மூடியை நான் சரியாக மூடவில்லை. தெருவில் இருக்கிற பூனையெல்லாம் எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தது. மாமியார் இரண்டு நாள் பின்பக்கமே வரவில்லை. வடிகட்டி, லிட்டருக்கு 5 மில்லி வீதம் தெளித்தும் பார்த்தேன். இலை இன்னும் பெரிதானது, அவ்வளவுதான். பஞ்சகவ்யம், அமினோ எல்லாம் நல்லவைதான்; ஆனால் பட்டினி கிடக்கிறவனுக்கு டானிக் கொடுத்து என்ன ஆகும்?

பட்டினி எதற்கு என்று மார்கழியில்தான் தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் துணி காயப்போடப் போன என் மகள், "அம்மா, இங்க வெயிலே இல்ல, மாடிக்குக் கொண்டு போறேன்" என்றாள். நான் வெளியே வந்து பார்த்தேன். மணி பன்னிரண்டேகால். உச்சி வெயில் நேரம். கொல்லை முழுக்க நிழல். எங்கள் வீட்டு நிழல்தான்.

அவள் அப்போது பத்தாம் வகுப்பு. முக்கோணவியலில் 'உயரங்களும் தொலைவுகளும்' பாடம் நடந்துகொண்டிருந்தது. கொடிமரத்தின் உயரம், கோபுரத்தின் நிழல் என்று வீட்டுப்பாடம் போட்டுத் தேய்ந்தவளுக்கு நிஜமாகவே ஒரு கணக்கு கிடைத்ததும் உற்சாகம். மதுரை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே 23½ பாகை வரை போய்விடுகிறது. ஆக உச்சிப் பொழுதிலும் அது நம் தலைக்குமேல் இல்லை, தெற்கே 33½ பாகை சாய்ந்து நிற்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரையும் சேர்த்து வீட்டின் உயரம் 22 அடி. அப்படியானால் வடக்கே விழும் நிழலின் நீளம் பதினாலரை அடி. கொல்லையின் ஆழமோ 13 அடிதான்.

"கொல்லையைத் தாண்டி மிச்ச நிழல் சுவர்ல ஏறியிருக்கும்மா" என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஓடினாள். காம்பவுண்டுச் சுவரில், தரையிலிருந்து இரண்டேகால் அடி உயரத்தில் நிழலின் விளிம்பு. அதன் மேல் கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே நிழல், மேலே பளீரென்று வெயில்.

ஆடியில் நான் பார்த்து மயங்கிய வெயிலின் ரகசியமும் அப்போதுதான் விளங்கியது. அந்த மாதத்தில் சூரியன் மதுரைக்கு வடக்கே இருக்கிறது. வீட்டு நிழல் வாசல் பக்கம் விழுகிறது, கொல்லைக்கு வெயில் முழுசாகக் கிடைக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நமக்கு நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாளில் நட்டுவைத்த கம்புக்கு உச்சியில் நிழலே இருக்காது. அதற்குப் பிறகு நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெற்கே நகர, நிழல் கொல்லைக்குள் நடந்து வருகிறது. ஐப்பசி பிறக்கும்போது எட்டடி, கார்த்திகை பிறக்கும்போது பன்னிரண்டடி. நான் தோட்டம் போட்ட நாளிலிருந்தே அது வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் குனிந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதனால் புதிதாகத் தோட்டம் போடுகிறேன் என்று யார் என்னிடம் வந்தாலும், எதையும் வாங்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன். காம்பஸ் கூட வேண்டாம், செல்போனில் இருக்கிறது. கொல்லை வீட்டுக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று பாருங்கள். தெற்கே இருந்தால் மார்கழியிலும் வெயில் உண்டு, சுவரோ மரமோ மறைக்காவிட்டால். வடக்கே இருந்தால் பங்குனியிலிருந்து புரட்டாசி வரைதான் அது உங்களுடையது; மிச்ச மாதங்களில் அது வீட்டின் சொத்து. கிழக்கு மேற்கு என்றால் பாதி நாள் வெயில்; கிழக்கு வெயில் இதம், மேற்கு வெயில் சித்திரையில் இலையைப் பொசுக்கும். ஒரு விடுமுறை நாளில் காலை எட்டு, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு என்று மூன்று தடவை போய் நிழல் விழும் இடத்தில் கோடு போட்டாலே பாதித் தெளிவு வந்துவிடும்.

தண்ணீர் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. தினமும் ஊற்ற ஊற்ற மண்மேல் வெள்ளைப் பூச்சு படிந்தது. அதைவிடப் பெரிய தப்பு, குடிநீர் வடிகட்டும் இயந்திரத்திலிருந்து வெளியேறும் தண்ணீரை 'வீணாகிறதே' என்று பிடித்துச் செடிக்கு விட்டது. உள்ளே போன தண்ணீரின் உப்பெல்லாம் சேர்ந்து கெட்டிப்பட்டு வெளியே வருகிற தண்ணீர் அது. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர், மாடியில் பிடித்த மழைத் தண்ணீர், இவை செடிக்கு. அப்புறம், ஆசையாக இருக்கிறது என்பதற்காகத் தண்ணீர் ஊற்றக்கூடாது. விரலை மண்ணுக்குள் இரண்டாம் கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் பூவாளியைக் கீழே வையுங்கள். என் முதல் வருஷக் கத்தரியில் நாலு, தாகத்தால் சாகவில்லை. வேர் அழுகிச் செத்தது. காய்ந்த இலை, தென்னை மட்டை, வைக்கோல் என்று எது கிடைக்கிறதோ அதைச் செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினாலே போதுகிறது.

எதை முதலில் போடலாம் என்றால், கீரை. சந்தேகமே வேண்டாம். சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் கடைசலுக்கு வந்துவிடும். பொறுமை இல்லாதவர்களுக்கு அதுதான் நல்ல வாத்தியார். விதை கடுகைவிடப் பொடி. அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிக்கொள்ளும். ஒரு ஸ்பூன் விதைக்கு நாலு கைப்பிடி மணல் கலந்து தூவி, கையால் மண்ணை லேசாகப் புரட்டிவிட்டுத் தெளித்தாற்போலத் தண்ணீர். நான் முதல் தடவை தூவிய விதை முளைக்கவே இல்லை. கெட்ட விதை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கீரைக்காரம்மா பாத்தி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து விரலை நீட்டினார். எறும்பு வரிசை. ஒவ்வொரு எறும்பு வாயிலும் ஒரு கறுப்புப் பொட்டு. என் சிறுகீரை முழுக்கச் சுவர் இடுக்குக்குள் குடிபோய்க்கொண்டிருந்தது.

"பாத்திய சுத்தி நொய்ய தூவு தாயி. வயிறு ரொம்பினா வெதைக்கி வராது."

அடுத்த தடவை தூவினேன். எறும்பு நொய்யோடு போனது, கீரை முளைத்தது. முளைத்ததும் நெருக்கமானதைப் பிடுங்கிக் கலைக்க மனசு வராது. கலைக்கத்தான் வேண்டும், பிடுங்கியதும் கீரைதானே, பருப்பில் போடுங்கள். அரைக்கீரை மட்டும் வேறு ஜாதி. அதை வேரோடு பிடுங்கக்கூடாது, இரண்டு விரற்கடை விட்டு அறுத்தால் மறுபடி மறுபடி தழைக்கும். நான் பிடுங்கி வைத்திருந்ததைப் பார்த்து அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம், "நீயே எல்லாத்தையும் கத்துக்கிட்டா நான் யாருக்கு விக்கிறது?" என்று சிரித்தார். அவர் கீரை வாங்குவதை நான் நிறுத்தவில்லை. பொன்னாங்கண்ணியும் மணத்தக்காளியும் என்னால் அவர் அளவுக்குக் கொண்டுவர முடியவில்லை.

அடுத்து வெண்டை. விதையை நேரே ஊன்றலாம், 45 நாளில் காய். செடிக்குச் செடி ஓரடி, வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி விடச் சொன்னால் விடுங்கள். விதை சின்னதாக இருக்கிறதே என்று நெருக்கி ஊன்றினால் பிறகு ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு எதுவும் காய்க்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். வெளியூர் போய் மூன்று நாள் கழித்து வந்தால் நுனி ஒடியாத கட்டையாகத் தொங்கும். கத்தரிக்கு நாற்று வாங்கிக்கொள்வது சுலபம். கொழுந்து திடீரென்று தலை சாய்ந்தால் உள்ளே புழு துளைத்திருக்கிறது, அந்த நுனியைக் கிள்ளி அழித்துவிடுங்கள். தக்காளியை முதல் வருஷம் தொடாதீர்கள். எல்லாரும் தக்காளியில்தான் ஆரம்பிக்கிறார்கள், தக்காளியோடுதான் விட்டுவிடவும் செய்கிறார்கள். காலிஃப்ளவர், கேரட் என்று படம் பார்த்து விதை வாங்கினவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கொடைக்கானலில் வீடு இருந்தால் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

பூச்சி பற்றிச் சொல்லும்போது ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாசல் செம்பருத்தியில் மாவுப்பூச்சி அப்பிக்கொண்டது. பஞ்சு ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாக. அதில் சில பெரியவை, முதுகில் வெள்ளை இழை நீட்டிக்கொண்டு வேகமாக ஊர்ந்தன. "இதுதான் தாய்ப்பூச்சி, நசுக்கிப் போடு" என்றார் கீரைக்காரம்மா. இருபது முப்பதை நசுக்கினேன். பிறகு வேளாண்மை படித்த என் தோழி போட்டோவைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, அது பொறிவண்டோட புழுடீ" என்றாள். கிரிப்டோலேமஸ் என்கிற ஆஸ்திரேலியப் பொறிவண்டு. 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் புழு மாவுப்பூச்சி போலவே வேஷம் போட்டுக்கொண்டு மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் புகுந்து அதையே தின்னும். மாவுப்பூச்சி மெதுவாக நகரும். இது பெரிதாக, சுறுசுறுப்பாக இருக்கும். அது தெரிந்திருந்தால் போதும். கீரைக்காரம்மாவிடம் சொன்னேன். "அப்படியா? நாங்க பொறந்ததுலேர்ந்து நசுக்கிட்டுல இருக்கோம்" என்றார்.

தோழி இன்னொரு கதையும் சொன்னாள். 2008-இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி புதிதாக வந்து இறங்கி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாட்டையே சூறையாடியது. மருந்து அடித்து அடித்து ஓய்ந்தார்கள். கடைசியில் 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்டார்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அளவுக் குளவி. மாவுப்பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் காலி செய்துவிடும். சில மாதங்களில் நிலைமை அடங்கியது. இதைக் கேட்ட பிறகு நான் தெளிப்பானை எடுக்கும்முன் இரண்டு நாள் சும்மா பார்க்கிறேன். எறும்பு செடியில் ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். மாவுப்பூச்சி கசியும் இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், அதனால் எறும்பை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. மிஞ்சிப்போனால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, துளி காதி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளிக்கிறேன். மயிலுக்கு மட்டும் இதுவரை மருந்து கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் மயில் அதிகம். விரட்டினால் மாமியார், "முருகன் வாகனம்டீ" என்கிறார். வலை கட்டியிருக்கிறேன்.

இரண்டாம் வருஷத்துக்கு வருகிறேன். சாக்பீஸ் கோடு எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தது. மார்கழியிலும் கொல்லையில் வெயில் இருக்கிறது, தரையில்தான் இல்லை. கடைசிச் சுவரை ஒட்டி ஏழடி உயரத்தில் பந்தல் போட்டால், சுவரிலிருந்து மூன்றடி அகலத்துக்கு உச்சிவெயில் கிடைக்கும் என்று மகள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். நாலு சவுக்குக் கம்பு, கம்பி, பழைய கயிறு. ஒரு ஓரத்தில் சுரை, ஒரு ஓரத்தில் நாட்டு அவரை. சித்திரையில் ஊன்றினேன்.

சுரை பூத்துக் கொட்டியது, பூத்துக் கொட்டியது. முதலில் வருகிறவை ஆண் பூக்கள், அவை கொட்டத்தான் செய்யும். அடியில் குட்டிச் சுரைக்காய் ஒட்டியிருப்பது பெண் பூ. அதுவும் வெம்பி விழுந்தது. காரணம், சுரைப் பூ சாயங்காலம் விரிகிறது. மகரந்தம் சேர்ப்பது அந்திப்பூச்சிகள். எங்கள் கொல்லையில் இரவெல்லாம் விளக்கு எரிவதாலோ என்னவோ அவை வரவில்லை. ஏழு மணிக்கு செல்போன் வெளிச்சத்தில் ஆண் பூவைப் பறித்து இதழை ஒதுக்கிவிட்டுப் பெண் பூவில் தடவினேன். "இந்த வயசுல உனக்கு இது தேவையா?" என்றார் வீட்டுக்காரர். அந்த மாதம் ஆறு சுரைக்காய். பீர்க்கும் புடலையும் கூட அந்தியில் மலர்கிறவைதான். பாகலும் பூசணியும் காலையில். நக்கீரரின் நெடுநல்வாடையில், மழை மூட்டத்தில் பொழுது தெரியாத பெண்கள் பிச்சி அரும்பு விரியும் மணத்தை வைத்து மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுவார்கள். பள்ளியில் படித்தபோது அது வர்ணனை என்றுதான் நினைத்தேன். இப்போது சுரைப் பூ விரிந்தால் குக்கர் வைக்கிறேன்.

அவரை கதை அதைவிட மோசம். சித்திரையில் ஊன்றியது வைகாசியில் பந்தலேறியது. ஆனியில் பந்தலை மூடியது. ஆடியில் சுவரைத் தாண்டிப் பக்கத்துக் காலிமனை வேலிக்குப் போனது. ஒரு பூ இல்லை. ஆவணியில் அரிவாளோடு நின்றேன்.

"கைய வைக்காத தாயி" என்றார் கீரைக்காரம்மா. "அதுக்கு அதோட மாசம் வரணும். நீ சித்திரையில போட்டாலும் ஆடியில போட்டாலும் அது கார்த்திகையிலதான் பூக்கும். ஆடியில போட்டிருந்தா மூணு மாசத் தண்ணி மிச்சம்."

தோழியிடம் கேட்டேன். அதே பதில்தான், வேறு சொற்களில். நாட்டுக் கொடி அவரை பகலின் நீளத்தை அளந்து பூக்கிற செடி. மதுரையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் 70 நிமிஷம்தான். நமக்குத் தெரியக்கூடத் தெரியாத அந்தக் குறைச்சலைச் செடி உணர்ந்துகொள்கிறது. எல்லாக் காலத்திலும் காய்க்கிற குத்து அவரை ரகங்கள் தனியாக இருக்கின்றன. வாங்கும்போது கேட்டு வாங்கியிருக்க வேண்டும். பட்டம் பட்டம் என்று பெரியவர்கள் சொல்வது மழையை மட்டும் கணக்கில் வைத்து என்று எண்ணியிருந்தேன். ஆடிப்பட்டத்துக்குள் இந்தப் பகல் நீளமும் இருந்திருக்கிறது.

கார்த்திகை தீபத்தன்று மகள் மாடியிலிருந்து கத்தினாள். பந்தல் மேலே, வெயில் படுகிற அந்த மூன்றடியில், ஊதா ஊதாவாகக் கொத்து. மார்கழி முழுக்க வாரத்துக்கு முக்கால் கிலோ. அவரைக்காய்ப் பொரியல், அவரைக்காய்ச் சாம்பார், பொங்கலுக்கு அவரை போட்ட கூட்டு. மாமியார் அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுத்தார். கீரைக்காரம்மா ஒருநாள் ஒரு கட்டுக் கீரைக்குக் காசு வாங்காமல் முந்தானையில் ஒரு படி அவரையை வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். தரையில் நிழல் விழுந்த இடத்தில் புதினாவும் ஓமவல்லியும் வைத்துவிட்டேன். அவை கோபித்துக்கொள்ளவில்லை.

இந்த வருஷச் செலவு இதுவரை 910 ரூபாய். வீட்டுக்காரர் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பந்தல் கம்புக்குத் தேய்மானம் போடலியே" என்றார்.

பந்தலில் ஒரு கொத்தை மட்டும் பறிக்காமல் சிவப்பு நூல் கட்டி விட்டிருக்கிறேன், விதைக்கு முற்றட்டும் என்று. தை மூன்றாம் வாரம் ஆகிவிட்டது. இன்றைக்குப் பன்னிரண்டரை மணிக்குப் போய்ப் பார்த்தேன். நிழல் சாக்பீஸ் கோட்டை விட்டு எப்போதோ இறங்கி, சுவரையும் விட்டு, இரண்டடி தள்ளித் தரையில் நிற்கிறது. சுவரடியில் இரண்டடி அகலத்துக்கு வெயில். மண்ணைக் கிளறி எரு போட்டாயிற்று. நாளைக் காலையில் அந்த இரண்டடியில் சிறுகீரை தூவப் போகிறேன். எறும்புக்கு ஒரு கிண்ணத்தில் நொய் எடுத்து வைத்திருக்கிறேன்.